ராஜேந்திரனுக்குச் சில்லறை இருக்கா?

"ஆயிர்ரூவா காயினா? அதுக்கு எவன் மாமா சில்ற தருவான்?"

புளியந்தோப்பு ஆடுதொட்டிப் பக்கத்து டீக்கடையில் என் மச்சான் கேட்ட கேள்வி இது. 2025 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை, ஆடி மாசம். விடிகாலையிலிருந்து கறி வெட்டித் தோள் கழன்று போய் வந்து உட்கார்ந்திருந்தான். தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றி முடித்த பிறகும் ஸ்பீக்கரை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தில் கடை டீவி ஊமைப்படமாக ஓடியது. அரியலூர் மாவட்டம், கங்கைகொண்டசோழபுரம். பிரதமர் வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறார். இளையராஜா திருவாசகம் பாடுகிறார், நமக்கு மாரியாத்தா பாட்டு கேட்கிறது. கீழே எழுத்து ஓடுகிறது: ராஜேந்திர சோழன் நினைவாக 1000 ரூபாய் நாணயம் வெளியீடு.

மச்சான் வாயில் எப்போதும் விவகாரம்தான் வரும். ஆனால் இந்தக் கேள்வியில் குற்றம் சொல்ல முடியாது. 2011ஆம் வருஷத்து நாணயச் சட்டப்படி அரசு ஆயிரம் ரூபாய் வரைக்கும் காசு அடிக்கலாம். ஆயிரம் ரூபாய் நோட்டுக்கு 2016 நவம்பர் 8 ராத்திரியே பால் ஊற்றியாகிவிட்டது. நோட்டு செத்தது, காசு மட்டும் மார்க்கண்டேயன். ஆனால் அதைக் கடைத்தெருவில் உலவ விடமாட்டார்கள். நாணயச்சாலையில் பதிவு செய்து, பெட்டியோடு வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். அந்த ஆயிரம் ரூபாயை வாங்க ஆயிரம் ரூபாய் பத்தாது.

"அப்ப அது துட்டே இல்ல மாமா. போட்டோ."

பத்து ரூபாய்க் காசையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினாலு டிசைனில் வந்திருக்கிறது, பதினாலும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் அறிக்கையே விட்டது. இன்னமும் ஊர்ப்பக்கம் போனால் கடைக்காரர் அதை விரல் நுனியால் நம் பக்கமே தள்ளிவிடுகிறார். இந்த லட்சணத்தில் ராஜேந்திரனை நீட்டினால் கல்லாவில் இருப்பவர் போலீசைக் கூப்பிடுவார்.

அப்பா ராஜராஜனுக்கு இந்த மரியாதை முன்னாடியே கிடைத்துவிட்டது. 2010இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் வயசு என்று அடித்ததுதான் நாட்டின் முதல் ஆயிரம் ரூபாய்க் காசு. 35 கிராம், எண்பது சதவீதம் வெள்ளி. காசில் கோயில் படம் போடலாமா என்று தில்லி உயர் நீதிமன்றம் வரை ஒரு வழக்கு போய் 2018இல் தள்ளுபடி ஆனது. பையனுக்குக் காசு வர இன்னும் பதினைந்து வருஷம் ஆயிற்று. அப்பாவுக்குப் பின்னால் வரிசையில் நிற்பது அவனுக்குப் புதுசும் இல்லை. 1012இல் கூட்டாகத்தான் பட்டம் கட்டினார்கள். அப்பா கண் மூடிய பிறகுதான் கல்லாச் சாவி முழுசாகக் கைக்கு வந்தது.

"யாரு, அந்த மதுராந்தகனா? படத்துல வந்தானே, ஒரு மாதிரி சோப்ளாங்கியா..."

இல்லை. அது வேறு மதுராந்தகன், இவனுக்குத் தாத்தா முறை. இவனுக்கும் பட்டத்துக்கு முந்தின பேர் மதுராந்தகன்தான். சோழர் வீட்டில் மொத்தம் நாலைந்து பேர்தான் ஸ்டாக். அதையே சுழற்றிச் சுழற்றி வைத்தார்கள். குழப்பம் தீரத்தான் பட்டப்பேர். இந்த விஷயத்தில் நம்ம ஏரியாவும் சோழநாடும் ஒன்று: பேருக்கு முன்னால் ஒரு அடைமொழி இல்லாவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். முடிகொண்டான், கங்கைகொண்டான், கடாரங்கொண்டான். எல்லாமே "கொண்டான்". இவன் கொடுத்தான் என்று ஒரு பட்டப்பேர் கிடையாது. மச்சான் சொன்னான்: "லிப்ட் பண்ணதெல்லாம் பேர்லயே போட்டுக்கினான். தில்லு தான்."

இதில் "முடிகொண்டான்" கதை சவுகார்பேட்டை அடகுக்கடைக் கதை.

பத்தாம் நூற்றாண்டு ஆரம்பத்தில் பாண்டியன் ராஜசிம்மனுக்குச் சோழன் பராந்தகனிடம் செம அடி. தப்பி இலங்கைக்கு ஓடினான். அங்கே உதவி கிடைக்கும் என்று பார்த்தான், கிடைக்கவில்லை. சரி என்று பரம்பரைக் கிரீடத்தையும் நகைகளையும் அங்கேயே வைத்துவிட்டு கேரளத்துக்கு, அம்மா பிறந்த வீட்டுக்குப் போய்விட்டான். சீட்டு எதுவும் வாங்கினானா தெரியாது. திரும்பி வந்து மீட்கவே இல்லை. மதுரையைப் பிடித்த பராந்தகனுக்கு ஒரு ஆசை: பாண்டியன் கிரீடத்தையே தலையில் வைத்துப் பட்டம் கட்டிக்கொள்ள வேண்டும். இலங்கைக்கு ஆள் அனுப்பினான். கொடுக்க முடியாது என்றார்கள். படை அனுப்பினான். அந்த ராஜா கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு தெற்கே ரோகணக் காட்டுக்குள் போய்விட்டான். வெறுங்கையோடு திரும்பின சங்கதி சோழர் குடும்பத்தில் மூன்று நாலு தலைமுறைக்கு உறுத்தியிருக்கும்.

இதற்கிடையே இலங்கையில் ஐந்தாம் மகிந்தன் பட்டத்துக்கு வந்தான். ராஜா என்று பேர், கையில் காசில்லை. குடியானவர்கள் வரி கட்டவில்லை. கூலிக்குப் பிடித்த கேரளப் படைக்குச் சம்பளம் பாக்கி. அவர்கள் என்ன செய்தார்கள் என்று இலங்கைச் சரித்திர நூலான சூளவம்சம் எழுதி வைத்திருக்கிறது: வில்லும் வாளுமாக அரண்மனை வாசலை மறித்து உட்கார்ந்து, சம்பளம் வரும்வரை ராஜா சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பின்னி மில் வாசலில் வேலைநிறுத்தங்களைப் பார்த்த ஊர் இது. எங்கள் ஆட்கள் தாங்கள்தான் பட்டினி கிடந்தார்களே ஒழிய, முதலாளியைப் பட்டினி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மகிந்தனும் லேசுப்பட்டவன் இல்லை. சுரங்க வழியாக, எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு நழுவிவிட்டான். அவன் போனதும் அதே ரோகணம்தான்.

ராஜா ஓடின நாட்டு நிலவரத்தைச் சோழனிடம் வந்து சொன்னது ஒரு குதிரை வியாபாரி என்கிறது அந்த நூல். ஏரியாவில் ஒரு இன்பார்மர் இல்லாமல் எந்தச் சம்பவமும் நடப்பதில்லை. 1017 வாக்கில் ராஜேந்திரன் படை மகிந்தனைப் பிடித்தது. இலங்கை ராஜா கிரீடம், ராணிகள் கிரீடம், கூடவே நூறு வருஷமாகத் தூங்கின பாண்டியன் கிரீடமும் மாலையும், எல்லாம் வந்து சேர்ந்தன. வட்டியில்லாமல், சீட்டில்லாமல், வேறொருத்தன் வைத்த நகையை இவன் மீட்டான். மகிந்தன் பன்னிரண்டு வருஷம் சோழநாட்டிலேயே இருந்து செத்தான்.

"சம்பளம் குட்த்திருந்தா தப்பிச்சிருப்பான்" என்றான் மச்சான். மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்தி, கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி ஆற்ற ஆரம்பித்தார்.

அடுத்தது கங்கை. இதைப் பாடப்புத்தகம் எவ்வளவு கம்பீரமாகச் சொன்னாலும், குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்த எனக்கு அது ஒரு தண்ணி லாரிக் கதையாகத்தான் காதில் விழுகிறது. 1022, 23 வாக்கில் ஒரு படை வடக்கே கிளம்பியது. தண்டநாயகன் முன்னால் போனான். ராஜேந்திரன் கோதாவரிக் கரையில் அவனுக்காகக் காத்திருந்தான். சக்கரக்கோட்டம், ஒட்டரதேசம், கோசலம், தண்டபுத்தி என்று ஒவ்வொரு ஸ்டாப்பாக அடித்துக்கொண்டு வங்காளம் போனார்கள். மழை விடாத அந்தத் தேசத்தில் கோவிந்தசந்திரன் என்ற ராஜா யானையை விட்டு இறங்கி ஓடியதாக மெய்க்கீர்த்தி கிண்டல் செய்கிறது. எனக்கென்னவோ அதைக் கோழைத்தனம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஐப்பசி அடைமழையில் கணேசபுரம் சப்வேயில் ஸ்கூட்டரை நடுத்தண்ணீரில் விட்டுவிட்டு ஏறி வந்தவன் நான். அந்த நேரத்தில் வண்டியா முக்கியம்?

கங்கைக்குப் போய் என்ன எடுத்து வந்தான்? தண்ணீர். தோற்ற ராஜாக்கள் தலையில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அரக்கோணம் யூனிட் வண்டியில் போனால் திருவாலங்காடு ஸ்டேஷனைத் தாண்டித்தான் போவோம். செப்பேடு 1905இல் அங்கே 31 ஏடுகளாகக் கிடைத்தது. அந்தத் தண்ணீரை ஊற்றி ஒரு ஏரி வெட்டி, சோழகங்கம் என்று பேரிட்டு, தண்ணீராலேயே ஆன வெற்றித் தூண் என்றார்கள். மற்ற ராஜாக்கள் கல்லில் தூண் நட்டார்கள், இவன் ஏரியை நட்டான். அதில் பாசனமும் நடந்தது. சோழ வம்சத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஜம்பம் இதுதான்.

டீவியில் காட்டினார்களே, பிரதமரும் கங்கைத் தண்ணீர் கலசத்தோடுதான் வந்திருந்தார். ஆயிரம் வருஷம் கழித்து அதே ஊருக்கு அதே சப்ளை. இந்தத் தடவை சுமக்கத் தோற்ற ராஜாக்கள் யாரும் தேவைப்படவில்லை.

நடுவில் அந்த ஊருக்கு நடந்த ஒன்றை எந்த டீவியும் காட்டவில்லை. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட வெள்ளைக்காரனுக்குக் கருங்கல் வேண்டியிருந்தது. பக்கத்தில் வெட்டி, செதுக்கி, அடுக்கி, எண்ணூறு வருஷமாகச் சும்மா நிற்கிற கல் இருக்கும்போது மலைக்கு எதற்குப் போக வேண்டும்? கங்கைகொண்டசோழபுரத்துக் கோபுரத்தையும் மதிலையும் பிரித்து எடுத்துக்கொண்டு போனான். தடுக்கப் போன ஊர்க்காரர்களுக்குத் தண்டனை. பதிலுக்குச் செங்கல்லில் மதில் கட்டித் தருகிறேன் என்று வாக்கு. மதில் வரவே இல்லை. கங்கையைக் கொண்டுவந்தவன் வீட்டுச் சுவர் காவிரித் தண்ணீரைத் தேக்கப் போயிற்று. ராஜேந்திரன் இருந்திருந்தால் முதலில் தலையை வாங்கியிருப்பான், அப்புறம் அணையைப் பார்த்து லேசாகத் தலையாட்டியிருப்பான் என்று நினைக்கிறேன்.

கடாரத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் மச்சான் இரண்டாவது டீ சொல்லிவிட்டான். 1025. ஸ்ரீவிஜயத்து ராஜாவும் சோழர்களும் முதலில் மாமன் மச்சான் மாதிரிதான் இருந்தார்கள். நாகப்பட்டினத்தில் அவர்கள் புத்த விகாரம் கட்ட, ராஜராஜன் ஆனைமங்கலத்தை எழுதி வைத்தான். அப்புறம் என்ன முறைத்துக்கொண்டார்களோ. சீனாவுக்குப் போகிற கப்பல்களைக் குறுக்கே நின்று மடக்கினார்கள் என்பது சொல்லப்படுகிற காரணங்களில் ஒன்று. துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மாமூல் தகராறு. படை கடலைத் தாண்டிப் போய் விஜயோத்துங்கவர்மனைப் பிடித்தது. யானைகள், தோரணம், மணி பதித்த கதவு வரை தூக்கி வந்த பட்டியல் கல்வெட்டில் இருக்கிறது. ஊர்ப் பேர்களும் இருக்கின்றன: பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாப்பப்பாளம், மாநக்கவாரம் என்று ஆம்னி பஸ் போர்டு மாதிரி வரிசையாக. இதில் மாப்பப்பாளம் பர்மாக் கரை என்று சிலர் சொல்வார்கள்.

"பர்மாவா? அப்ப அத்தோ அவன் கொண்ணாந்ததா?"

இல்லை. அத்தோவைக் கொண்டுவந்தது பர்மாவிலிருந்து மூட்டை முடிச்சோடு திரும்பி வந்த நம்ம ஜனம். அவர்களுக்கு மெய்க்கீர்த்தி கிடையாது, தள்ளுவண்டிதான். ஆனால் ருசியை வைத்துப் பார்த்தால் எது பெரிய படையெடுப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இவ்வளவு ஜம்பம் அடித்தவன் தன் சொந்தக் காசில் என்ன போட்டான்? இதைத்தான் மச்சானிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அவன் முகம் இல்லை. புலி ஒன்று குந்தியிருக்கும். முன்னால் இரண்டு மீன், கூட ஒரு வில், மேலே குடை. புலி நம்மது, மீன் பாண்டியனுடையது, வில் சேரனுடையது. அதாவது ஒரு பைசா செலவில்லாமல், யார் யாரை அடித்தோம் என்று ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டியாயிற்று. மதுரையில் கத்தரிக்காய் வாங்குகிற பாண்டிய நாட்டுக்காரன் கையில், சோழப்புலி முன்னால் அவன் ராஜாவின் மீன் மாட்டிக்கொண்டு நிற்கிற காசு. இதைவிடப் பெரிய கலாய்ப்பு இருக்க முடியுமா? கீழே பேர் இருக்கும், நாகரி எழுத்தில். இதை எந்த மேடையிலும் யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு பக்கத்தாருக்குச் சங்கடம், இன்னொரு பக்கத்தார் ரொம்பச் சந்தோஷப்பட்டுவிடுவார்கள்.

அப்பா காசில் மனித உருவம் உண்டு. செப்புக்காசில் ஒரு பக்கம் நிற்கிறது, மறுபக்கம் குந்தியிருக்கிறது. பார்த்தால் தீக்குச்சியை ஒடித்து ஒட்டினதுபோல இருக்கும். பெரிய கோயிலைக் கட்டினவனுக்குக் காசில் மூக்கு கூடச் சரியாக வரவில்லை. பையன் முகம் தெரிய வேண்டுமானால் கங்கைகொண்டசோழபுரத்தில் சண்டேசருக்குச் சிவன் பூச்சுற்றுகிற சிற்பம் இருக்கிறது. கீழே கைகூப்பிக் குனிந்திருப்பது ராஜேந்திரனாக இருக்கலாம் என்பார்கள். அப்படியானால் அதுதான் அவனுடைய போட்டோ, அதுவும் வேறொருத்தன் வேஷத்தில். மீதி எல்லாம் நாம் வரைந்த மீசை.

"காசுன்னு நீ சொல்ற, நாங்க துட்டுன்றோம்" என்றான் மச்சான். அதிலும் விஷயம் இருக்கிறது. காசு, ராஜராஜன் கல்வெட்டிலேயே உள்ள சொல். துட்டு டச்சுக்காரன் கொடுத்துவிட்டுப் போனது என்பார்கள். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் கோட்டை கட்டிக் காசும் அடித்தவர்கள். அப்புறம் கம்பெனிக்காரன் வந்தான். அவன் நாணயம் அடித்த தங்கசாலை, பேசின் பிரிட்ஜைத் தாண்டினால் வந்துவிடும். 1869இல் மூடிவிட்டார்கள்; இப்போது அங்கே அரசு அச்சகம். இன்றைக்குக் காசு அடிப்பது மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா. சோழனே ஆனாலும் சென்னைக்கு ரயிலேறித்தான் வர வேண்டும்.

ராஜேந்திரனை நேரில் பார்க்க அரியலூர் போக வேண்டியதில்லை என்று மச்சானிடம் சொன்னேன். மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் போதும். தியாகராஜசுவாமி கோயிலில் ஆதிபுரீசுவரர் கருவறைமேல் ஒரு விமானம், மூன்று நிலை, படுத்திருக்கிற யானையின் முதுகு மாதிரி பின்பக்கம் வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். ராஜேந்திரன் காலத்தில் சதுரானன பண்டிதர் என்ற மடத்துத் தலைவர் சொல்ல, ரவி என்ற வீரசோழத் தச்சன் கருங்கல்லில் கட்டினது. வேலை செய்தவன் பேரைக் கல்லில் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு கழிப்பறைக்குக்கூட மேஸ்திரி பேரைப் போடுவதில்லை, திறந்து வைத்தவர் பேர்தான்.

அங்கேதான் பிறந்தநாள் குழப்பமும். அதே பண்டிதர் 1043இல் கொஞ்சம் காசை முதலாகப் போட்டு, ராஜா பிறந்த மார்கழித் திருவாதிரையில் சாமிக்கு நெய்யபிஷேகம் என்று எழுதி வைத்தார். அதை நம்பி ரொம்ப நாள் ராஜேந்திரன் மார்கழிக்காரன் என்றே இருந்தார்கள். பிறகு திருவாரூர்க் கல்வெட்டைப் படித்தால், நான் பிறந்தது ஆடித் திருவாதிரை என்று ராஜாவே சொல்கிறார். அதனால்தான் டீவியில் பார்த்த அந்த விழா ஆடியில், வெயிலில். பண்டிதரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஏரியாவில் பாதிப் பேர் சர்டிபிகேட்டில் பிறந்தநாள் ஜூன் மாசம்தான், ஸ்கூலில் சேர்த்த வாத்தியார் போட்டது.

கோயில் விளக்குக்கு ஆடு கொடுத்த கதையையும் சொன்னேன். தஞ்சாவூரில் ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு. இடையர் வாங்கிக்கொண்டு தினமும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆட்டுக்குப் பேர் சாவா மூவாப் பேராடு: சாகாது, கிழமாகாது, கணக்கில் எப்போதும் 96 இருக்கும்.

இருபது வருஷமாக ஆடு வெட்டுகிறவன், டம்ளரைக் கீழே வைத்தான். "குட்டி போட்டு ரொப்புவான், சரி. அப்ப கெயடு தட்டுன ஆடெல்லாம் எங்க போச்சு?"

கல்வெட்டில் இல்லை என்றேன்.

"எய்தமாட்டான் மாமா. நம்மாளு எவனாவது வாங்கியிருப்பான்."

எத்தனையோ சோழர் புத்தகம் படித்திருக்கிறேன், இந்தக் கேள்வி என் கண்ணில் பட்டதே இல்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தோம். இரண்டு பத்து ரூபாய்க் காசு, மாஸ்டர் முறைத்துக்கொண்டே வாங்கினார். மச்சான் நகரவில்லை.

"அந்த நெய்யி மேட்டரு. முதல் போட்டார்னியே, எத்தினி நாளைக்கு?"

சூரியன் சந்திரன் இருக்கும்வரை என்பதுதான் கல்வெட்டு வழக்கம் என்றேன்.

அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். பேசின் பிரிட்ஜ் பக்கம் வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"கீதே மாமா. அப்ப அந்த முதலு இப்ப யார்ட்ட கீது?"